மேஜையைச் சுற்றி ஒரு தெருக்கூத்து

"ஏரிக்கரை ஓரமா ஒரு சுங்கச்சாவடி. ரெண்டு கல்தூண், நடுவுல மூங்கில் தடுப்பு. உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிட்டிருக்கான். உங்க நாலு பேரையும் பார்த்தான். எழுந்திருக்கல. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

கேட்டவர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எதிரே நாங்கள் நான்கு பேர். ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, ஒருவர் மென்பொருள் துறை, நான்காவது ஆள் நான். ஐவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. இடம் தாம்பரத்தில் ஆசிரியை வீட்டு மொட்டைமாடி. சனிக்கிழமை இரவு எட்டு மணி. மேஜையில் சுண்டல் கிண்ணம், ஆளுக்கொரு தாள், பென்சில், இருபது முகம் கொண்ட பகடை ஒன்று. ஏரியும் சுங்கச்சாவடியும் எங்கள் பேச்சில் மட்டும்தான் இருந்தன.

வங்கிக்காரருக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அதிகம் பேசமாட்டார். அன்று நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, ஆத்தூர் வெத்தலையா? இங்கன வரைக்கும் மணக்கு. எனக்கும் ஒண்ணு மடிங்க."

ஆசிரியை குரலை மாற்றிக்கொண்டு சாவடிக்காரனாகப் பதில் சொன்னார். பேச்சு வளர்ந்தது. மூன்று வருஷமாக நிரம்பாத குளம், மாட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டே போன சித்தப்பா, மேட்டில் மடையை அடைத்து வைத்திருக்கும் அதிகாரி என்று வங்கிக்காரர் சொல்லச் சொல்ல நாங்கள் மூவரும் சுண்டலைத் தொடவில்லை. இருபது நிமிடம் கழித்துக் கேட்டார்: "தடுப்பைத் தூக்குங்க அண்ணாச்சி. புள்ளைகுட்டி தண்ணி குடிக்கட்டும்."

"உருட்டுங்க. பதினாலோ அதுக்கு மேலயோ விழணும்" என்றார் ஆசிரியை.

விழுந்தது 4.

ஆசிரியை கொஞ்ச நேரம் யோசித்தார். "அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா தடுப்பைத் தூக்கல. 'என் மகனை அந்த அதிகாரி கொண்டுபோய் வச்சிருக்கார் ஐயா. நான் திறந்தா அவன் உசுரோட திரும்ப மாட்டான்'ங்கறான்."

அன்றிரவு நாங்கள் மடைப் பக்கமே போகவில்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒரு பையனைத் தேடிப் புறப்பட்டோம். அவன் கிடைக்க மூன்று சனிக்கிழமை ஆயிற்று.

இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அந்த நண்பர் தொடர்ந்து இருபது நிமிடம் பேசி நாங்கள் கேட்டதில்லை. வறண்ட குளத்தையும் ஊரைவிட்டுப் போன சித்தப்பாவையும் அவர் கற்பனை செய்யவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தனை வருடம் டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வெளியே வராத பேச்சு, ஒரு விளையாட்டின் நடுவே வந்தது.

ஒரு பெட்டி வந்து சேர்ந்த கதை

நாற்பது வயதைத் தாண்டிய நண்பர்கள் சந்தித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை, யாருக்குச் சர்க்கரை எவ்வளவு. அரை மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். பிறகு ஒருவர் செல்போனை எடுப்பார், மற்றவர்களும் எடுப்பார்கள். அன்பு குறைந்ததாக நான் நினைக்கவில்லை. சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லாமல் போனதுதான் குறை. கல்லூரியில் பரீட்சை இருந்தது, கிரிக்கெட் இருந்தது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பந்தி பரிமாறும் வேலை இருந்தது. அவற்றைச் செய்துகொண்டே பேசினோம். வேலை போனதும் பேச்சும் போயிற்று.

2018இல் மென்பொருள் நண்பர் ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியின் பெயர் கட்டான்.

திறந்தால் 19 அறுகோண அட்டைகள். காடு, மேய்ச்சல் நிலம், வயல், களிமண் மேடு, மலை, நடுவே ஒரு பாலை. இவற்றைக் கலைத்துப் போட்டு ஒரு தீவு அமைக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் தீவு மாறும். பாலையைத் தவிர ஒவ்வொரு நிலத்தின் மீதும் ஒரு எண். இரண்டு பகடையை உருட்டி அந்த எண் விழுந்தால், அந்த நிலத்தை ஒட்டிக் குடியிருப்பு கட்டியவருக்கு மரமோ செங்கல்லோ கம்பளியோ தானியமோ தாதுக்கல்லோ கிடைக்கும். அவற்றைக் கொண்டு சாலை, ஊர், நகரம். முதலில் 10 புள்ளி சேர்ப்பவர் வென்றார்.

இரண்டு பகடை 36 விதமாக விழலாம். அதில் 7 வர 6 வழி உண்டு. 6க்கும் 8க்கும் ஐந்தைந்து வழி. 2க்கும் 12க்கும் ஒரே ஒரு வழி. அதனால்தான் அந்தத் தீவில் 6, 8 என்ற எண்கள் சிவப்பில் அச்சாகியிருக்கும். எங்கள் ஆசிரியை அடுத்த வாரமே அட்டைகளைப் பள்ளிக்கு எடுத்துப்போய்ப் பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தினார்.

கணக்கைவிடப் பெரிய விஷயம் பேரம். ஒருவருக்குத் தேவையானது எல்லாம் அவரிடமே கிடைத்துவிடாது. அடுத்தவரைக் கேட்டே ஆகவேண்டும். "ஒரு ஆடு தரேன், ஒரு செங்கல் கொடு." "ஒரு செங்கல்லுக்கு ரெண்டு ஆடு." "போன தடவை நான் சும்மா கொடுத்தேனே, மறந்துட்டியா?" கம்பளியை யாரும் கம்பளி என்று சொல்வதில்லை. அட்டையில் ஆடு படம் இருக்கிறது, அதனால் ஆடு. மற்றவர் முறை நடக்கும்போதும் நமக்கு வேலை இருக்கிறது. செல்போனை எடுக்க நேரமே கிடைக்காது. அன்று மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

இதை உருவாக்கிய கிளாஸ் டாய்பர், ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரத்துக்கு அருகே பல் கட்டும் கூடம் நடத்தியவர். வேலை முடிந்து வந்து வீட்டு நிலவறையில் ஆட்டங்களைச் செய்துபார்ப்பார். மனைவியும் பிள்ளைகளும்தான் முதலில் ஆடிப்பார்ப்பவர்கள். 1995இல் கட்டான் வெளிவந்தது. அந்த ஆண்டே ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதைப் பெற்றது. இன்றுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. விற்பனை ஏறிய பிறகும் அவர் சில ஆண்டுகள் பல் கட்டும் தொழிலை விடவில்லை. 2023இல் காலமானார்.

ஜெர்மனியில் இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றியதற்கு அந்த விருது ஒரு முக்கியக் காரணம். 1979 முதல் ஆண்டுதோறும் விமர்சகர் குழு ஒன்று அதை வழங்குகிறது. விருது பெற்ற ஆட்டம் வீட்டுக்கு வீடு வாங்கப்படும். எஸ்ஸன் நகரில் 1983இல் தொடங்கிய விளையாட்டுக் கண்காட்சிக்கு இப்போது நான்கே நாளில் சுமார் 2 லட்சம் பேர் வருகிறார்கள். நமக்குப் புத்தகக் கண்காட்சி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

அந்த மரபில் நான் மிகவும் மதிக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடியும்வரை யாரையும் வெளியே உட்கார வைக்கமாட்டார்கள். நாம் சின்ன வயதில் 'டிரேட்' என்றும் 'பிசினஸ்' என்றும் ஆடியது மோனோபோலியின் இந்திய வடிவம். அதில் பணம் தீர்ந்தவன் எழுந்து போகவேண்டும். மிச்சப் பேர் இன்னும் இரண்டு மணி நேரம் ஆடுவார்கள், அவன் ஜன்னல் ஓரம் நின்று பார்ப்பான். கோடை விடுமுறையில் அப்படி நின்ற பையன்களில் நானும் ஒருவன்.

மோனோபோலியின் தாய் வேறு நோக்கத்தோடுதான் அதைச் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற பெயரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். நிலம் ஒருசிலர் கையில் குவிந்தால் மற்றவர் கதி என்னவாகும் என்பதை ஆடிக் காட்டவே அவர் அதை அமைத்தார். எல்லோரும் செழிக்கும்படியான இன்னொரு விதித்தொகுப்பையும் எழுதினார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் சார்லஸ் டாரோ என்பவரின் பெயரில் மோனோபோலியை வெளியிட்டது. மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. எல்லோரும் செழிக்கும் விதிகள் நம் வீடுகளுக்கு வந்து சேரவே இல்லை.

சென்னைக்கு மூன்றாவது கட்டை

கட்டானுக்குப் பிறகு 2019இல் பாண்டமிக் வாங்கினோம். மேட் லீகாக் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 2008இல் வந்த ஆட்டம். இதில் ஒருவரை ஒருவர் எதிர்ப்பதில்லை. நான்கு கொள்ளைநோய்கள் உலகெங்கும் பரவுகின்றன. மருத்துவர், ஆய்வாளர், விஞ்ஞானி என்று ஆளுக்கொரு பொறுப்பு எடுத்துக்கொண்டு நான்குக்கும் மருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோருக்கும் ஜெயம், தோற்றால் எல்லோருக்கும் தோல்வி. வரைபடத்தில் 48 நகரங்கள். அதில் சென்னையும் ஒன்று. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என ஐந்து நகரங்களோடு சென்னைக்குக் கோடு போட்டிருக்கும். ஒரு நகரத்தில் ஒரே நிறத்தில் மூன்று நோய்க் கட்டை சேர்ந்த பிறகு நான்காவது வந்தால் வெடித்துப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தொற்றும். மற்ற நகரங்கள் எப்படிப் போனாலும் சென்னையில் மூன்றாவது கட்டை விழவிடமாட்டோம் என்று பிடிவாதமாக ஆடுவோம். அதனாலேயே பலமுறை தோற்றிருக்கிறோம்.

சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒரு கெடுதல் உண்டு. விதிகளை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் எல்லோருடைய காயையும் தானே நகர்த்தத் தொடங்கிவிடுவார். எங்கள் மேஜையில் மருந்துக் கம்பெனி நண்பர் அப்படி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆர்வம்தான். ஆனால் மற்றவர்கள் கைகட்டி உட்கார வேண்டியதாயிற்று. கேட்டால் ஒழிய யோசனை சொல்லக் கூடாது என்று ஒரு விதியை நாங்களே சேர்த்தோம். அவரும் ஏற்றுக்கொண்டார். குடும்பங்களில்கூட அந்த விதியைப் பரிந்துரைப்பேன்.

2020 மார்ச்சில் அந்தப் பெட்டியைப் பரண் மேல் வைத்தோம். இரண்டு வருடம் கழித்துத்தான் எடுத்தோம். அதற்குள் எங்களில் ஒருவர் அப்பாவைப் பறிகொடுத்திருந்தார். அன்று சென்னையில் மூன்றாவது கட்டை விழுந்தபோது யாரும் பேசவில்லை. அப்பாவை இழந்தவர்தான் தம் மருத்துவரை ஜகார்த்தாவிலிருந்து சென்னைக்கு நகர்த்தி, மூன்று கட்டையையும் எடுத்து வைத்தார்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்களின் அச்சத்துக்கும் பதில் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு தாயம் உருட்டக் கூடாது என்பார்கள். பாண்டவர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பகடை என்றாலே திரௌபதியின் நினைவு வரும். வள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே எழுதியிருக்கிறார். ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் தடைச் சட்டம் இயற்றியது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் கேடு செய்தது பந்தயப் பணம். பகடையை நம் முன்னோர் ஒதுக்கவில்லை. கீழடியில் பகடையும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் விரித்து உருட்டியவர்கள் நம் பாட்டிகள்.

ஆடு புலி ஆட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. புலி தாண்டித் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை, வளைத்து நின்று புலியை அசையவிடாமல் செய்வதுதான் அதன் வெற்றி. இரு பக்கத்துக்கும் படையும் வேறு, விதியும் வேறு, ஜெயிக்கும் வழியும் வேறு. இப்படிச் சமமில்லாத தரப்புகளைக் கொண்ட ஆட்டங்களைத்தான் இன்றைய வடிவமைப்பாளர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். கோல் வேர்ல் வடிவமைத்து 2018இல் வந்த ரூட் என்ற ஆட்டம் அதற்காகவே உலகெங்கும் கொண்டாடப்பட்டது. நம் கோயில்கள் பலவற்றின் கல்தளத்தில் ஆடு புலிக் கட்டம் செதுக்கிக் கிடக்கிறது. அடுத்த முறை பிரகாரம் சுற்றும்போது குனிந்து பாருங்கள். இவற்றைத் துணியிலும் அட்டையிலும் மறுபடி செய்து விற்க, சென்னையில் 2002 முதல் க்ரீடா என்ற நிறுவனத்தை வினிதா சித்தார்த்தா நடத்திவருகிறார்.

தோற்றுப்போனதாக நினைத்த ஆட்டம்

மொட்டைமாடியில் நாங்கள் ஆடிய கதை ஆட்டத்துக்கு வருகிறேன். ஆர்.பி.ஜி. என்பார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரமாகவே பேசி, சேர்ந்து ஒரு கதையை வளர்ப்பது.

இதன் பிறப்பு 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், பொம்மைச் சிப்பாய்களை வைத்து நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை ஆட நண்பர்களை அழைத்திருந்தார். போருக்கு நடுவே சிக்கிய ஊருக்கு பிரவுன்ஷ்டைன் என்று பெயர் வைத்தார். எல்லோருக்கும் படை கொடுக்காமல் ஒருவரை அந்த ஊரின் மேயராக, இன்னொருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக என்று வேலை பிரித்தார். போர் தொடங்கவே இல்லை. ஆளாளுக்கு மூலைக்குப் போய் ரகசியம் பேசினார்கள், கூட்டுச் சேர்ந்தார்கள், சண்டை போட்டார்கள். ஆட்டம் குட்டிச்சுவராகிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். வடிவமைத்தவருக்கே புரியாத ஒன்று ஆடியவர்களுக்குப் புரிந்திருந்தது. அவர்களுக்குப் பிடித்தது பேச்சு.

அந்த நண்பர்களில் ஒருவரான டேவ் ஆர்னிசன், இதைக் கோட்டை, நிலவறை, மந்திரம் உள்ள கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனார். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸிடம் அதைக் காட்டினார். கைகாக்ஸ் காப்பீட்டு வேலையை இழந்து, வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர். இருவரும் எழுதியதை வெளியிடப் பெரிய கம்பெனி முன்வராததால் 1973இல் கைகாக்ஸும் பால்ய நண்பர் டான் கேயும் சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1974 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகம், விலை 10 டாலர், முதல் அச்சு 1000 பிரதி. பல முகப் பகடைகளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கணிதக் கருவி விற்ற கம்பெனியிடம் வாங்கினார்கள். பகடை விற்றுத் தீர்ந்து, பெட்டி விற்றுத் தீர்ந்து, சில ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகள் முழுக்கப் பரவியது. டான் கே அதைப் பார்க்கவில்லை. 1975 தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். ஆர்னிசனுக்கும் கைகாக்ஸுக்கும் உரிமைத் தொகை பற்றி வழக்கு நடந்து 1981இல் சமரசமானது. நட்பில் பிறந்த ஆட்டம் நட்பைப் பிரித்த இந்தப் பகுதி எனக்கு வருத்தம் தருவது.

1980களில் இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று அமெரிக்காவில் சில பெற்றோரும் மதக்குழுக்களும் பெரிய கூச்சல் எழுப்பினார்கள். அது தணிய வெகுகாலம் ஆயிற்று. 2016இல் வந்த ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் தொடக்கத்திலேயே நான்கு பையன்கள் இதைத்தான் ஆடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது அநேகமாக அந்த வழியாகத்தான்.

ஆடுவது எளிது. ஒருவர் கதைசொல்லி. ஆங்கிலத்தில் சுருக்கமாக டி.எம். என்பார்கள். இடத்தையும் சூழ்நிலையையும் அவர் சொல்வார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை. அந்தக் காரியத்தில் பாத்திரத்துக்கு உள்ள திறமையைக் கூட்டிக்கொண்டு, குறித்த எண்ணை எட்டினால் காரியம் கைகூடும். எட்டாவிட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். நல்ல கதைசொல்லி தோல்வியைக் கதவாக்குவார். சாவடிக்காரனின் மகன் அப்படித்தான் பிறந்தான். 4 விழாமல் 17 விழுந்திருந்தால் அவன் எங்கள் கதையில் இல்லவே இல்லை.

ஏரியா, குளமா, கண்மாயா?

முதல் ஆறு மாதம் நாங்கள் இதை ஆங்கிலத்தில் ஆடினோம். புத்தகம் ஆங்கிலம், பாத்திரங்கள் ஆங்கிலப் பெயர் தாங்கியவை, சத்திரத்தில் கிடைப்பது ரொட்டியும் பீரும். ஐவருக்கும் ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனாலும் வங்கிக்காரர் தம் முறை வந்தால் "ஐ அட்டாக்" என்பார், உருட்டுவார், உட்கார்ந்துவிடுவார். கோபப்படவும் கெஞ்சவும் பொய் சொல்லவும் அலுவலக ஆங்கிலம் போதவில்லை. மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதும் மொழியில் ஒரு திருடனோடு எப்படிப் பேரம் பேசுவது?

ஒருநாள் ஆசிரியை, "அடுத்த கதை தமிழ்ல. டிராகன் கிடையாது, யாளி உண்டு. கோட்டை கிடையாது, ஏரி உண்டு" என்றார். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் கூச்சம். நாடகம் போடுகிறோமோ என்று தோன்றியது. பிறகு மதுரைக்காரரான மருந்துக் கம்பெனி நண்பர், "ஏரிங்காதீங்க, எங்க ஊர்ல கண்மாய்" என்றார். பாளையங்கோட்டை குளம் என்றது. ஆசிரியை செங்கல்பட்டுக்காரர், ஏரியை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கதைக்குள்ளேயே மூன்று ஊர் வந்தது. ஒரே தண்ணீரை மூன்று பெயரில் சொல்லும் மூன்று ஊர், மூன்றுக்கும் மேலே அடைத்த மடை. எங்கள் கதையின் முழுக் கருவும் அந்த வாக்குவாதத்தில் கிடைத்தது. யாரும் உட்கார்ந்து எழுதவில்லை.

அதிலிருந்துதான் ஆசிரியையைக் கட்டியங்காரி என்று அழைக்க ஆரம்பித்தோம். தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கட்டியங்காரன்தான் ராஜா வருவதை அறிவிப்பான். அவனே சேவகன், அவனே வழிப்போக்கன். திரை விலகி வந்தவரைப் பார்த்து, நீர் யார், எங்கிருந்து வருகிறீர் என்று கேட்டுக் கதையை நகர்த்துவான். ஆட்டம் தொய்ந்தால் சிரிக்க வைப்பான். 1974இல் வந்த அந்தப் பெட்டி கதைசொல்லிக்கு வைத்த வேலையை, நம் ஊர்த் தெருக்களில் ஒருவன் விடிய விடியச் செய்துகொண்டிருந்தான்.

மொழியை மாற்றியபோது தாளையும் மாற்ற வேண்டியிருந்தது. பாத்திரத்தின் ஆறு குணங்களுக்குத் தமிழ் வேண்டும். வலு உடனே கிடைத்தது. உடல் தாங்கும் சக்திக்குத் தாக்குப்பிடிப்பு, கைகால் சுறுசுறுப்புக்கு லாவகம். புத்தகத்தில் இன்டெலிஜென்ஸ், விஸ்டம் என்று இரண்டு தனித்தனியாக இருக்கின்றன. அகராதி இரண்டையும் அறிவு என்கிறது. ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேசி, ஒன்றைப் படிப்பறிவு என்றும் மற்றதைப் பட்டறிவு என்றும் வைத்தோம். கரிஸ்மாதான் கடைசிவரை இழுத்தது. வசீகரம் என்றால் சோப்பு விளம்பரம் போல இருந்தது. ஆளுமை என்றால் மேடைப் பேச்சு போல. ஆசிரியையின் அம்மா காபி கொண்டுவந்தவர் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன, முகராசின்னு போடுங்களேன்" என்றார். போட்டோம். ஒருவரைப் பார்த்ததும் காரியம் நடந்துவிடுவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எங்களுக்குத் தெரியவில்லை. சாவடியில் வங்கிக்காரர் உருட்டியதும் முகராசிக்குத்தான்.

இப்படி மொழிபெயர்ப்பது சட்டப்படி சரியா என்று கேட்கலாம். முழுக்கச் சரி. 2023 ஜனவரியில் அந்த ஆட்டத்தின் இன்றைய உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், பழைய உரிம விதிகளை இறுக்கப் பார்த்தது. ஆடுபவர்கள் கொதித்தெழுந்து சந்தாவை ரத்து செய்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது. அம்மாதம் 27ஆம் தேதி, அடிப்படை விதித்தொகுப்பு முழுவதையும், சுமார் 400 பக்கம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாத உரிமம் அது. அதே ஆண்டில் நிறுவனமே பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய நான்கு மொழிகளில் அதைக் கொடுத்தது. தமிழை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இறக்குமதிப் பெட்டிகளுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஐந்து பேர் பங்கு போட்டால் ஒரு சினிமா செலவுதான். அதுவும் வேண்டாம் என்றால் ஆடு புலிக்கு ஒரு சாக்பீஸும் புளியங்கொட்டையும் போதும். கதை ஆட்டத்துக்கு அதுகூடத் தேவையில்லை. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கிப் போடலாம். ஐந்து பேருக்கு மேல் முதல் முறை வேண்டாம். பேச வாய்ப்புக் கிடைக்காதவர் அடுத்த வாரம் வரமாட்டார். நாளையும் நேரத்தையும் நிரந்தரமாக முடிவு செய்துவிடுங்கள். எங்களுக்குச் சனிக்கிழமை ஆறு மணி. கல்யாணம், காய்ச்சல் தவிர வேறு காரணம் செல்லாது. ஒருவர் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும், அவர் பாத்திரம் அன்று சத்திரத்தில் தூங்கும். செல்போன்களைப் பக்கத்து அறையில் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அருகே ஒரு நாற்காலி போடுங்கள். நல்ல சொற்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

விதித்தொகுப்பில் நாங்கள் இதுவரை 41 பக்கம் தமிழாக்கியிருக்கிறோம். மந்திரங்கள் பகுதி அப்படியே கிடக்கிறது. மாந்திரீகம், மருத்துவச் சொற்கள், சிலம்ப அடிமுறைகளின் பெயர்கள் தெரிந்தவர்களின் உதவி வேண்டும். கரிஸ்மாவுக்கு முகராசியைவிட நல்ல சொல் உங்கள் ஊரில் புழங்கினால், அதையும் எங்களுக்கு எழுதுங்கள்.